திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்லப்படும் ‘சரி’

கேள்வி: நான் ஈரோட்டுக்காரி. வயது 34. சமூகப்பணியில் முதுகலை படித்துவிட்டு கோவையிலும் சென்னையிலும் பத்து வருடம் வேலை பார்த்தேன். ஒன்பது மாதங்களுக்கு முன்பு கூடலூர் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின் இயக்குநராகச் சேர்ந்தேன். ஆதிவாசி மக்களின் உடல்நலத்துக்கும் கல்விக்கும் வேலை செய்யும் நிறுவனம். மொத்தம் 23 பேர். கணக்காளர் ஊட்டிப் பக்கத்துப் படகர். செவிலியர் இருவர் மலையாளிகள். திட்ட மேலாளர் முள்ளுக்குறும்பர். ஓட்டுநரும் அலுவலக உதவியாளரும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர். களப்பணியாளர்கள் பெரும்பாலும் பணியர், காட்டுநாயக்கர். நிர்வாகக் குழு கோவையில் இருக்கிறது. நிதி ஜெர்மனியிலிருந்தும் ஒரு பெங்களூரு கம்பெனியிலிருந்தும் வருகிறது.

திங்கட்கிழமைதோறும் கூட்டம் நடத்துகிறேன். நான் சொல்வதற்கெல்லாம் களப்பணியாளர்கள் ‘சரி’ என்கிறார்கள். அடுத்த திங்கள் பார்த்தால் பாதி நடந்திருக்காது. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். போன மாதம் ஒரு பணியப் பெண், எங்களிடம் இருப்பவர்களிலேயே நல்ல பணியாளர், உறவினர் சாவுக்குப் போனவர் ஒன்பது நாள் வரவில்லை, தகவலும் இல்லை. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தேன். மறுநாள் சாவியையும் பதிவேட்டையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ‘நீங்கள் ரொம்ப இடம் கொடுக்கிறீர்கள்’ என்கிறார் கணக்காளர். ‘எங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்’ என்று கேட்டே விட்டார் திட்ட மேலாளர். நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, விட்டுக்கொடுக்க வேண்டுமா? பல பண்பாட்டு மக்களை வழிநடத்துவதற்கான பயிற்சி ஒன்று பெங்களூரில் நடக்கிறது. போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, நீலகிரி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கண்டிப்பா, விட்டுக்கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை உங்கள் மேசைக்கு முன்னால் சொல்லப்படும் அந்த ‘சரி’க்கு என்ன பொருள்? நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். வேலை நடக்காதபோது வாக்கு மீறிவிட்டார்கள் என்று மனம் வருந்துகிறீர்கள். இந்த மாவட்டத்தில் 28 வருடம் தொண்டு நிறுவனங்களோடு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலான நேரம் அந்த ‘சரி’க்கு ‘நீங்கள் பேசியது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

ஏன் அப்படி என்பதற்கு இந்த மண்ணின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தின் வயநாட்டைச் சேர்ந்தது. பணியர்கள் தலைமுறை தலைமுறையாக ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களின் வயல்களில் கட்டுண்டு கிடந்தவர்கள். மானந்தவாடிக்கு அருகே உள்ள வள்ளியூர்க்காவு திருவிழாவில், அம்மன் சந்நிதியில் முன்பணம் கொடுத்து, பணியர் குடும்பங்களை ஒரு வருட வேலைக்குப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-ல்தான். உங்களிடம் வேலை செய்பவர்களின் தாத்தா பாட்டி, சிலருக்கு அப்பா அம்மாவே, சம்பளம் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்ல வழியில்லாமல் வாழ்ந்தவர்கள். அந்த வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணிடம், நாற்காலியில் உட்கார்ந்து, பதினைந்து பேர் முன்னால், ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?’ என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்ல முடியும்? மேசையில் சாவியை வைத்துவிட்டுப் போனாரே, அதுதான் அவர் உங்களிடம் முதல் முறையாகச் சொன்ன ‘இல்லை’ என்று நான் நினைக்கிறேன்.

காட்டுநாயக்கர்களின் மௌனம் இதே மௌனம் இல்லை என்பதையும் கவனியுங்கள். தேனும் கிழங்கும் எடுத்துக் காட்டோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அப்படி வாழ்ந்த சமூகங்கள் பலவற்றில் ஒருவருக்கு ஒருவர் கட்டளை இடும் பழக்கம் குறைவு. பிடிக்காததை எதிர்த்து வாதாடுவதைவிட, சத்தமில்லாமல் விலகிப் போவதே மரியாதையாக இருக்கும். பணியரின் தலைகுனிவில் பழைய பயம் இருக்கலாம். காட்டுநாயக்கரின் விலகலில் பயமே இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் ‘பழங்குடியினர் பேச மாட்டார்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இரண்டு பேரையுமே நாம் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்களும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். ஆறு பேருக்கும் வெவ்வேறு பேச்சு, வெவ்வேறு தெய்வம், சாவுக்கு வெவ்வேறு முறை.

உங்கள் திட்ட மேலாளரின் கேள்வியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நியாயமான கேள்விதான். அவரைத் தனியாக உட்காரவைத்து, ‘உண்மைதான், எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஆனால் அவர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு பணியர்களைப் புரிந்துகொண்டதாக நினைத்துவிடாதீர்கள். முள்ளுக்குறும்பர்கள் சொந்த நிலத்தில் விவசாயம் செய்து வந்தவர்கள். பணியர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். ‘எங்களை’ என்று அவர் சொல்லும்போது அதற்குள் அந்தப் பணியப் பெண்ணும் இருக்கிறாரா என்பது அவருக்கே தெளிவில்லாமல் இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் டீ டம்ளரை யார் கழுவுகிறார்கள், மத்தியானம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் தரையில், யார் நாற்காலியில் என்று ஒரு வாரம் வாயைத் திறக்காமல் கவனித்துப் பாருங்கள். பல பண்பாட்டு மேலாண்மை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், கோத்தகிரிச் சரிவில் உள்ள ஒரு குறும்பர் ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டும் திட்டம் என் பொறுப்பில் இருந்தது. ஊர்க்கூட்டம் போட்டோம். எல்லோரும் ‘சரி’ என்றார்கள். வயதான பாட்டி ஒருவர் மட்டும், தன் தாத்தா காலத்தில் அந்தப் பக்கம் போன ஒரு ஆளைப் பற்றி நீளமாக ஒரு கதை சொன்னார். பொறுமையாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, ‘ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். தொட்டி கட்டி முடிந்தது, தண்ணீரும் வந்தது. யாரும் எடுக்கவில்லை. பழைய ஊற்றுக்கே நடந்தார்கள். நான்கு மாதம் கழித்து ஒரு பையன்தான் சொன்னான், நாங்கள் தொட்டி கட்டிய இடம் இறந்தவர்களுக்காகக் கல் வைக்கும் இடத்துக்குப் போகிற வழி என்று. பாட்டி அந்தக் கதையில் அதைத்தான் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் தெளிவாக ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒரே ஆள் அவர். நான் அதைக் கதை என்று நினைத்துக்கொண்டேன். தொட்டியை இடம் மாற்றப் பணம் இல்லை. அந்த ஊரில் என் பேச்சுக்கு மதிப்பு வர அதன் பிறகு மூன்று வருடம் ஆனது. இன்றும் அந்த வழியாகப் போனால் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வரும்.

அதனால் ஆட்களை மாற்றுவதற்கு முன்னால் கூட்டத்தை மாற்றுங்கள் என்பது என் ஆலோசனை.

திங்கட்கிழமை முதலில் நீங்கள் பேசாதீர்கள். கடைசியில் பேசுங்கள். அந்த வாரம் பேச வேண்டியது என்ன என்பதை முந்தின வியாழக்கிழமையே வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் அவரவர் பேச்சு மொழியில் தனித்தனியாக உட்காரட்டும். பணியர்கள் ஒரு பக்கம், காட்டுநாயக்கர்கள் ஒரு பக்கம். மேலாளர் அங்கே போகக் கூடாது, நீங்களும் போகக் கூடாது. பிறகு அவர்களில் ஒருவர் வந்து, ‘எங்களுக்குள் இப்படிப் பேசிக்கொண்டோம்’ என்று சொல்லட்டும். ‘எனக்கு முடியாது’ என்று சொல்லத் தயங்குபவர் ‘எங்களில் சிலருக்கு இது கஷ்டம்’ என்று சொல்லிவிடுவார். ‘முடியுமா?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ‘இதைச் செய்யப் போனால் முதலில் எது இடிக்கும்?’ என்று கேளுங்கள். அப்போது குறையைச் சொல்வதே கேட்ட கேள்விக்குப் பதிலாகிவிடும், உங்களை எதிர்த்துப் பேசியதாகாது.

கூட்டத்தை மதியம் மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐந்தரை வரை இழுத்தால் சேரம்பாடிப் பக்கமும் ஓவேலிப் பக்கமும் போக வேண்டியவர்கள் யானை பயத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் ‘சரி’தான் வரும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. உங்கள் கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த அலுவலகங்களை வைத்துச் சொல்கிறேன்.

மாதம் ஒரு கூட்டத்தை ஊரிலேயே வையுங்கள். அன்றைக்கே முடிவு கேட்காதீர்கள். விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்து, அடுத்த வாரம் போய்ப் பதிலைக் கேளுங்கள். இடையில் அடுப்படியிலும் கிணற்றடியிலும் பேசி முடிவெடுப்பார்கள். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தபோது உரிமைக் கோரிக்கைகளை முதலில் கையில் எடுப்பது கிராம சபை என்று வைத்தார்கள். 2012-ல் திருத்திய விதிகளின்படி அந்தச் சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்க்கூட்டத்துக்கும் இந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்கள் கையெழுத்துப் போட்ட தாளைத் தீர்மானம் என்று கோவைக்கு அனுப்பாதீர்கள்.

காகிதத்தைப் பற்றியும் ஒன்று. ஒரே சுற்றறிக்கை உங்கள் அலுவலகத்தில் இரண்டு விதமாகப் போய்ச் சேரும். உங்கள் ஓட்டுநரின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின, அதுதான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம். ஒரு தாள் கையில் இருந்ததா இல்லையா என்பதில் வாழ்க்கை தீர்மானிக்கப்பட்டவர்கள் அவர்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்து தொழிற்சங்கம் பார்த்தவர்கள். எழுத்தில் கொடுத்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. பணியருக்கோ தாள் என்றால் பெருவிரல் ரேகை வைத்து எதையாவது இழந்த ஞாபகம். நீங்கள் கொடுத்த மெமோவை ஓட்டுநராக இருந்தால் பதில் எழுதி, நகல் எடுத்து வைத்திருப்பார். அந்தப் பெண்ணுக்கு அது ‘வெளியே போ’ என்று சொன்னதாகத்தான் பட்டிருக்கும். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அதைச் சொல்லும் முறை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பணியர், காட்டுநாயக்கர் யாராக இருந்தாலும் முதலில் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். தாள் பிறகு வரட்டும், அதையும் படித்துக்காட்டிக் கொடுங்கள்.

விடுமுறைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தீபாவளி, பொங்கல், ஓணம், கிறிஸ்துமஸ், பக்ரீத் இருக்கும். ஐப்பசியில் புது நெல் அறுக்கும் புத்தரி இருக்கிறதா? உங்கள் கணக்காளருக்கு ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகை உண்டு, அதற்கு அவர் சொந்த விடுப்பில்தான் போகிறாரா? வருடத்தில் நான்கைந்து நாளை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ள விட்டுவிடலாம். சாவு விடுப்பை மூன்று நாள் என்று ஏதோ நகரத்து நிறுவனத்தின் கையேட்டிலிருந்து எடுத்திருப்பீர்கள். இங்கே பல சமூகங்களில் சாவுக் காரியம் ஒரே நாளில் முடிவதில்லை. யாருக்கு எத்தனை நாள் என்று அவரவர் ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டு எழுதிவையுங்கள். அதோடு, வர முடியாவிட்டால் யார் மூலமாகவாவது ஒரு தகவல் அனுப்ப வேண்டும் என்பதையும் உறுதியாகக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அன்று மருந்துக்குக் காத்திருந்த நோயாளியும் ஆதிவாசிதானே.

கண்டிப்பு வேண்டிய இடங்கள் உண்டு, அவற்றைப் பண்பாட்டின் பேரில் விட்டுவிடாதீர்கள். பணக் கணக்கு, குழந்தைகளின் பாதுகாப்பு, பெண் பணியாளர்களிடம் நடந்துகொள்ளும் முறை, குடித்துவிட்டு வேலைக்கு வருவது. இவற்றில் யாருக்கும் சலுகை கிடையாது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். உங்களிடம் 23 பேர். குழு இருக்கிறதா, அதில் ஒரு பணியப் பெண்ணாவது இருக்கிறாரா என்று பாருங்கள். கணக்காளரின் எரிச்சலையும் புரிந்துகொள்ளுங்கள். வவுச்சர் இல்லாவிட்டால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மாதம் ஒரு நாள் அவரைக் களப்பணியாளரோடு ஊருக்கு அனுப்புங்கள். ஜீப் வாடகைக்கு ரசீது ஏன் கிடைப்பதில்லை என்பது ஒரே நாளில் விளங்கிவிடும், அதற்கு வழியையும் அவரே கண்டுபிடிப்பார்.

பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். குளோப் என்ற பெயரில் 62 சமூகங்களைச் சேர்ந்த சுமார் 17,000 மேலாளர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பயிற்சிகளில் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஜெர்மானியர் ஏன் நேரடியாகப் பேசுகிறார், இந்திய அலுவலகத்தில் படிநிலை ஏன் இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதற்கெல்லாம் பயன்படும். ஆனால் ஒரு நாட்டின் சராசரியை வைத்துத் தேவாலாவில் ஏறி எருமாட்டில் இறங்குவதற்குள் கேட்கும் நான்கு மொழிகளைப் புரிந்துகொள்ள முடியாது. எனக்கு அதைவிட உதவியது, 1998-ல் மெலனி டெர்வலோன், ஜேன் மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய ஒரு கருத்து. அடுத்தவர் பண்பாட்டைப் படித்துத் தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்று ஒரு நாளும் சொல்ல முடியாது, தெரியாதவராகப் பணிவோடு கேட்டுக்கொண்டே இருப்பதும், தன் கையில் இருக்கும் அதிகாரத்தைத் தானே சோதித்துக்கொள்வதும்தான் வழி என்றார்கள். பெங்களூருக்கு அடுத்த வருடம் போகலாம். இந்த வருடம் பணியர் பேச்சில் நூறு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுப்பவருக்கு அந்த மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். வாரம் ஒரு மணி நேரமாவது அவர் ஆசிரியராகவும் நீங்கள் மாணவியாகவும் இருப்பீர்கள்.

ஜெர்மனிக்காரர்களிடம் மறைக்காமல் எழுதுங்கள். ஊருக்கு இரண்டு முறை போவதற்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆகும் செலவைத் திட்டச் செலவாக ஆரம்பத்திலேயே காட்டி, தணிக்கையாளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், கடைசியில் எதையும் அங்கே திணிக்க முடியாது.

நீங்கள் வெளி ஆள்தான், அதை மறைக்க வேண்டாம். கலெக்டர் ஆபீஸிலும் கம்பெனிக்காரர்களிடமும் நிர்வாகக் குழுவிடமும் பேச வெளி ஆளுக்குச் சில வசதிகள் உண்டு, அவற்றை இவர்களுக்காகப் பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் நாற்காலிக்கு இங்கிருந்தே ஒருவர் வருவதற்கான வேலையை இப்போதே தொடங்குங்கள். பழங்குடிப் பகுதிகளுக்கு நேரு 1950-களில் வகுத்த ஐந்து கொள்கைகளில் ஒன்று, அவர்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும், வெளியாட்களை அதிகமாகக் கொண்டுபோய்க் குவிக்கக் கூடாது என்பது. இது நடக்காத காரியம் இல்லை. உங்கள் ஊரிலேயே, 1990-ல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில், ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து வேலை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் அங்கே போய்ப் பாருங்கள். வேலையை விட்டுப் போன அந்தப் பெண்ணை நீங்களே ‘நல்ல பணியாளர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்றுவிப்பதற்கு அவரை விட்டால் வேறு யார்?

அவர் வீட்டுக்குப் போங்கள். மேலாளரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், ஜீப்பை வாசல் வரை கொண்டுபோகவும் வேண்டாம். அவரோடு வேலை செய்த ஒரு பணியப் பெண் துணைக்கு வந்தால் போதும். சாவு வீடு, அதை விசாரிக்கத்தான் போகிறீர்கள். யார் இறந்தது, எப்படி என்று கேளுங்கள். கொடுக்கிற கட்டன் சாயாவைக் குடியுங்கள். வேலையைப் பற்றி அவராகப் பேசினால் மட்டும் பேசுங்கள். ‘அந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் நான் வந்திருக்க வேண்டும்’ என்று ஒரு முறை சொல்லுங்கள், போதும். ‘வருகிறாயா?’ என்று அன்றைக்கே கேட்காதீர்கள். கேட்டால் ‘சரி’ என்றுதான் சொல்வார். பத்து நாள் கழித்து இன்னொரு முறை போங்கள். மூன்று மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள், திரும்பும் வழியில் யானை இருக்கும்.